ஒரு பின்னலில் எத்தனை கணக்கு!

(பத்தாம் வகுப்பு மாணவி, மாகறல்)

முன்னுரை

இரட்டைப் பின்னல் போடாமல் பள்ளி வாசலை மிதித்த மாணவி நம்முள் யாரேனும் உண்டோ? மூன்று கால்களாகக் கூந்தலைப் பிரித்து, வலப்புறக் காலை நடுவிலும் இடப்புறக் காலை நடுவிலும் மாற்றி மாற்றிப் போட்டால் பின்னல் வந்துவிடுகிறது. இந்தச் சிறு வேலையைக் கொண்டுதான் இன்று ஆகாய விமானத்தின் எஞ்சின் பாகம் ஒன்றையும் செய்கிறார்கள் என்றால் வியப்பாக இருக்கிறதன்றோ? கூந்தலுக்குப் பதில் கார்பன் இழை. கைக்குப் பதில் இயந்திரம். அவ்வளவே வேறுபாடு.

ஆனால் கூந்தல் பின்னலில் ஒரு கால் தடித்தும் மற்றொன்று மெலிந்தும் இருந்தால் அம்மாவின் கடிந்துரையோடு போயிற்று. விமானப் பின்னலில் அப்படி இருந்தால் என்ன ஆகும்? அந்தச் சீரின்மையை எப்படி அளக்கிறார்கள்? அளந்ததை வைத்து என்ன கணக்குப் போடுகிறார்கள்? இவற்றைப் பத்தாம் வகுப்புக் கணக்கைக் கொண்டே ஓரளவு புரிந்துகொள்ளலாம்.

கூட்டுப்பொருள் என்றால் என்ன?

நம் ஊர்ப்பக்கத்து மண்சுவரை நினைத்துப் பாருங்கள். வெறும் களிமண் காய்ந்தால் வெடித்துவிடும். வெறும் வைக்கோல் நிற்காது. இரண்டையும் சேர்த்து மிதித்துக் குழைத்தால் சுவர் நிற்கிறது. வைக்கோல் இழுவிசையைத் தாங்குகிறது. மண் வைக்கோலை இடம் மாறாமல் பிடித்துக்கொள்கிறது. இவ்வாறு இரண்டு பொருள்கள் சேர்ந்து, தனித்தனியே செய்ய முடியாததைச் செய்தால் அதற்குக் கூட்டுப்பொருள் என்று பெயர்.

இன்றைய தொழிற்சாலையில் வைக்கோலின் இடத்தில் கண்ணாடி இழை அல்லது கார்பன் இழையும், மண்ணின் இடத்தில் இறுகும் தன்மையுள்ள பிசினும் வந்திருக்கின்றன. கார்பன் இழை ஒன்றின் குறுக்களவு சுமார் 7 மைக்ரோமீட்டர். அதாவது நம் தலைமுடியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. இப்படிப்பட்ட 12,000 இழைகள் சேர்ந்தது ஒரு புரி. அந்தப் புரிகளைப் பின்னி, பிசின் ஊற்றி இறுகச் செய்தால் பின்னல் கூட்டுப்பொருள் கிடைக்கிறது. எஃகு தண்ணீரைவிட ஏறக்குறைய 7.8 மடங்கு எடையுள்ளது. கார்பன் கூட்டுப்பொருளோ சுமார் 1.6 மடங்கே! ஆகவேதான் நம் நாட்டில் உருவாக்கப்பட்ட தேஜஸ் போர் விமானத்தின் உடற்கட்டில், எடைக் கணக்கில் சுமார் 45 விழுக்காடு கூட்டுப்பொருளால் ஆனது.

கோலாட்டம் ஆடும் இயந்திரம்

பள்ளி ஆண்டு விழாக்களில் பின்னல் கோலாட்டம் பார்த்திருப்பீர்கள். நடுவே உயரத்தில் கயிறுகள் கட்டித் தொங்கும். பாதிப் பெண்கள் வலமாகவும் பாதிப் பெண்கள் இடமாகவும் சுற்றுவார்கள். எதிர்ப்படுபவளை ஒருமுறை உள்ளே விட்டும், அடுத்தவளை வெளியே விட்டும் ஆடினால் மேலே அழகான பின்னல் இறங்கிவரும். பின்னும் இயந்திரம் செய்வதும் இதுவே. பெண்களின் இடத்தில் நூல்கண்டு தாங்கிகள் வட்டப் பாதையில் ஓடுகின்றன. நடுவில் ஓர் உருளை மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. பின்னல் அதன்மேல் உறைபோல் படிகிறது.

இங்கே நம் முக்கோணவியல் வருகிறது. உருளையின் ஆரம் 5 செ.மீ. என்று கொள்வோம். அதன் சுற்றளவு 31.4 செ.மீ. தாங்கிகள் ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்தில் உருளையும் 31.4 செ.மீ. நகர்ந்தால், புரி உருளையின் நீளத்தோடு உண்டாக்கும் கோணத்தின் டேன் மதிப்பு 31.4 ÷ 31.4 = 1. ஆகவே கோணம் 45 பாகை. உருளை அதே நேரத்தில் 18.1 செ.மீ. மட்டுமே நகர்ந்தால் டேன் மதிப்பு சுமார் 1.732; கோணம் 60 பாகை.

கோணம் ஏன் முக்கியம்? இழை தன் நீளவாட்டில் இழுத்தால்தான் வலிமையாகத் தாங்கும். நீளவாட்டில் இழுக்கப்படும் குழாய்க்குச் சிறிய கோணம் வேண்டும். முறுக்கப்படும் குழாய்க்கு 45 பாகை நல்லது. உள்ளிருந்து அழுத்தம் வரும் குழாய்க்குப் பெரிய கோணம் வேண்டும். 60 பாகைக்குத் திட்டமிட்ட இயந்திரத்தில் உருளை சற்று விரைந்து, பத்தில் ஒரு பங்கு அதிகமாக நகர்ந்துவிட்டால் டேன் மதிப்பு 1.575 ஆகிவிடும். அட்டவணையைப் பார்த்தால் கோணம் 57.6 பாகை. கண்ணுக்குத் தெரியாத அந்த 2.4 பாகை, பொருளின் வலிமையை மாற்றிவிடுகிறது.

சீரின்மை எங்கிருந்து வருகிறது?

கோணம் மாறுவது ஒரு காரணம் மட்டுமே. வேறு காரணங்களும் உண்டு.

1. ஒரு கண்டிலிருந்து நூல் இறுக்கமாகவும் மற்றொன்றிலிருந்து தளர்வாகவும் வரலாம்.

2. புரி ஓரிடத்தில் அகன்று பரவியும் ஓரிடத்தில் ஒடுங்கியும் இருக்கலாம்.

3. ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்குவதால் புரி நேராக இல்லாமல் அலைபோல் வளைகிறது. இந்த அலை எல்லா இடத்திலும் ஒரே உயரமாக இராது. அழுத்தும் விசை வரும்போது அதிகமாக வளைந்த இடமே முதலில் மடிந்துபோகும்.

4. புரிகளுக்கு இடையே இடைவெளி விழுந்தால் அங்கே பிசின் மட்டும் தேங்கி நிற்கும். இழையில்லாத அந்த இடம் வலிமை குறைந்தது.

5. இயந்திரத்தில் தேயும் சில இழைகள் அறுந்து துருத்திக்கொண்டிருக்கும்.

இவற்றை அறவே ஒழிக்க எந்தத் தொழிற்சாலையாலும் முடிவதில்லை. குறைக்கத்தான் முடியும். மிச்சம் இருப்பதை அளந்து அறிய வேண்டும்.

காஞ்சிப் பட்டு கற்பிக்கும் பாடம்

இழையின் சீரின்மை நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. காஞ்சிபுரம் பட்டு நெசவில் பாவுக்கும் ஊடைக்கும் வரும் பட்டு நூலை 'டெனியர்' என்ற அலகில் குறிப்பார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். கச்சாப் பட்டை 20 டெனியர் என்று ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் '20/22 டெனியர்' என்று இரட்டை எண்ணாக எழுதும் வழக்கம் உண்டு. ஏன் தெரியுமா?

பட்டுப்பூச்சி கூட்டில் சுற்றும் இழை தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பருமனாக இருப்பதில்லை. உள்ளே போகப் போக மெலிகிறது. ஆகவே ஏழெட்டுக் கூடுகளின் இழைகளை ஒன்றாகச் சேர்த்து நூற்கிறார்கள். ஒரு கூடு தீர்ந்ததும் புதிய கூட்டின் இழையைச் சேர்க்கிறார்கள். நூல் 20-க்கும் 22-க்கும் இடையே ஏறி இறங்கத்தான் செய்யும். பட்டு வியாபாரிகள் இதை மறைக்கவில்லை. நூலின் பெயரிலேயே எழுதிவிட்டார்கள்! பொருளின் அளவைச் சொல்லும்போதே அந்த அளவு எவ்வளவு மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்லும் இந்தப் பழக்கமே பின்னல் கூட்டுப்பொருள் ஆராய்ச்சிக்கும் அடிப்படை.

சராசரி மட்டும் போதுமா?

இரண்டு நூல்களைப் பத்துப் பத்து இடங்களில் அளந்ததாக வைத்துக்கொள்வோம்.

முதல் நூல்: 19, 20, 21, 20, 20, 19, 21, 20, 20, 20.

இரண்டாம் நூல்: 16, 24, 20, 18, 22, 15, 25, 20, 17, 23.

கூட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் மொத்தம் 200, சராசரி 20. சராசரியை மட்டும் கேட்டு வாங்குபவர் இரண்டும் ஒன்றே என்று எண்ணுவார். நாம் வகுப்பில் கற்ற திட்டவிலக்கத்தைக் கண்டுபிடிப்போம். முதல் நூலில் விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 4. பத்தால் வகுத்தால் 0.4. வர்க்கமூலம் 0.63. இரண்டாவதில் கூட்டுத்தொகை 108. பத்தால் வகுத்தால் 10.8, வர்க்கமூலம் 3.29. இவற்றைச் சராசரியால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் மாறுபாட்டுக் கெழு கிடைக்கும். முதல் நூலுக்கு 3.2 விழுக்காடு, இரண்டாம் நூலுக்கு 16.4 விழுக்காடு. இப்போது உண்மை வெளிப்படுகிறது.

மாறுபாட்டுக் கெழுவைத் தேர்வுக்காக மட்டும் படிக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். நூற்பாலைகளில் நூலின் சீர்மையைச் சொல்லும் எண் இதுவே. கோயம்புத்தூரில் 1956-இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் போன்ற நிறுவனங்களில் நூலின் தரத்தைச் சோதிக்கும்போது இந்தக் கெழுவையும் பார்க்கிறார்கள்.

தாம்புக்கயிறு எங்கே அறும்?

கிணற்றில் தண்ணீர் சேந்தும் தாம்புக்கயிறு அறும்போது சராசரியான இடத்தில் அறுவதில்லை. மிகவும் நைந்த இடத்தில்தான் அறும். இந்த எளிய உண்மையைக் கணக்காக்கியவர் எஃப். டி. பியர்ஸ் என்னும் விஞ்ஞானி. இங்கிலாந்தில் பருத்தித் தொழில் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த அவர் 1926-இல் 'மிக மெலிந்த கண்ணி' என்ற கருத்தைக் கொண்டு பருத்தி நூலின் வலிமையை ஆராய்ந்தார்.

அவருடைய கருத்தை இப்படி விளங்கிக்கொள்ளலாம். ஒரு சென்டிமீட்டர் நூல் குறிப்பிட்ட பளுவைத் தாங்க 100-க்கு 99 வாய்ப்பு உண்டு என்று கொள்வோம். நிகழ்தகவுப் பாடத்தின்படி 10 சென்டிமீட்டரும் தாங்க வேண்டுமானால் 0.99-ஐப் பத்துமுறை பெருக்க வேண்டும். விடை 0.90. ஒரு மீட்டர் நூல் தாங்க வேண்டுமானால் நூறுமுறை பெருக்க வேண்டும். விடை 0.37 மட்டுமே! நூல் அதேதான்; பளு அதேதான். நீளம் கூடியதால், மெலிந்த இடம் ஒன்று அகப்படும் வாய்ப்புக் கூடிவிட்டது. சிறு துண்டைச் சோதித்துப் பெரிய பொருளுக்குச் சான்று தரக்கூடாது என்பது இதனால் தெளிவாகும்.

கூட்டுப்பொருளில் ஓர் ஆறுதல் உண்டு. ஓர் இழை அறுந்தால் அதன் பளுவைப் பிசின் பக்கத்து இழைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. சற்றுத் தொலைவுக்கு அப்பால் அறுந்த இழையும் மீண்டும் பளு தாங்கத் தொடங்கிவிடும். ஆனால் மெலிந்த இடங்கள் பல ஒரே பகுதியில் நெருங்கி இருந்தால் அந்த உதவி போதாது. ஆகவே, குறை எவ்வளவு என்று அறிந்தால் மட்டும் போதாது. எங்கெங்கே, எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்றும் அறிய வேண்டும்.

உள்ளே பார்ப்பது எப்படி?

மேற்புறத்துப் புரிகளின் கோணத்தைப் புகைப்படம் எடுத்து அளக்கலாம். பிசினுக்குள் மறைந்திருக்கும் புரியை என்ன செய்வது? முன்பெல்லாம் பொருளை வெட்டி, வெட்டுமுகத்தைத் தேய்த்து மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தார்கள். வெட்டிய பொருள் அதோடு வீண்.

இங்கே மருத்துவமனைக் கருவி ஒன்று துணைக்கு வந்தது. 1971-இல் முதன்முதலாக மனிதர் ஒருவரின் தலையைப் படம்பிடித்த சி.டி. ஸ்கேன் கருவியை உருவாக்கியவர் ஹவுன்ஸ்ஃபீல்டு. அதற்காக அவருக்கும் கார்மாக் என்பவருக்கும் 1979-இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. அதே முறையில், ஆனால் மிகமிக நுண்ணிய அளவில், கூட்டுப்பொருளை எக்ஸ் கதிரால் எல்லாப் பக்கமும் படம்பிடிக்கிறார்கள். வெண்டைக்காயை வில்லை வில்லையாக நறுக்குவதுபோல், பொருளை நறுக்காமலே அதன் நூற்றுக்கணக்கான வெட்டுமுகங்களைக் கணினித் திரையில் காண்கிறார்கள். ஒவ்வொரு வில்லையிலும் ஒவ்வொரு புரியின் மையம் எங்கே, அகலம் எவ்வளவு, தடிப்பு எவ்வளவு, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று குறிக்கிறார்கள்.

கோலமும் கணித மாதிரியும்

இப்படிக் குவியும் ஆயிரக்கணக்கான எண்களை என்ன செய்வது? வாசலில் போடும் நீண்ட புள்ளிக் கோலத்தை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, திரும்பத் திரும்ப வரும் வடிவம். மற்றொன்று, கையிலிருந்து மாவு விழும்போது கோடு தடித்தும் மெலிந்தும் போவது. முதலாவது ஒழுங்கான பகுதி. இரண்டாவது தற்செயலான பகுதி. ஆராய்ச்சியாளர்களும் புரியின் பாதையை இவ்வாறே இரண்டாகப் பிரிக்கிறார்கள். பின்னலின் ஒவ்வொரு கட்டத்திலும் மீண்டும் வரும் சராசரிப் பாதை ஒன்று. அதிலிருந்து ஒவ்வோர் இடத்திலும் ஏற்படும் விலக்கம் மற்றொன்று.

கோலத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஓரிடத்தில் கோடு தடித்திருந்தால் ஒரு விரற்கடை தள்ளியும் தடித்தே இருக்கும். நான்கு முழம் தள்ளி எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. எவ்வளவு தூரம் வரை ஓரிடத்துக் குறை அடுத்த இடத்தின் குறையோடு உறவு கொண்டிருக்கிறதோ அந்தத் தூரத்தைத் தொடர்பு நீளம் எனலாம். சராசரிப் பாதை, திட்டவிலக்கம், தொடர்பு நீளம் ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். உண்மைப் பின்னலைப் போலவே சீரின்மை கொண்ட புதிய பின்னல்களைக் கணினியே உருவாக்கும். சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விலக்கங்களை எடுப்பதால் ஒரு பின்னல் மற்றதைப் போல இராது. இதற்கு மான்டி கார்லோ முறை என்று பெயர். அந்தப் பின்னல்களையெல்லாம் கணினியிலேயே இழுத்தும் அழுத்தியும் பார்த்து, எத்தனை எந்தப் பளுவில் உடைகின்றன என்று எண்ணுகிறார்கள்.

பெல்ஜியம் நாட்டின் லூவன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் இத்துறையில் பேர்பெற்றது. நெய்த துணி, பின்னல் ஆகியவற்றின் உள்ளமைப்பைக் கணினியில் வரைய அங்கே உருவாக்கப்பட்ட 'வைஸ்டெக்ஸ்' என்னும் நிரலைப் பல ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். சி.டி. படங்களிலிருந்து சீரின்மையை அளந்து கணித மாதிரியாக்கும் பணியும் அங்கே நடந்திருக்கிறது.

இவ்வளவு பாடு எதற்காக?

போயிங் 787 விமானங்கள் பலவற்றில் பொருத்தப்படும் ஜென்எக்ஸ் எஞ்சினின் முன்புற விசிறியைச் சுற்றியுள்ள உறை, பின்னிய கார்பன் இழைக் கூட்டுப்பொருளால் ஆனது. அதில் புரிகள் மூன்று திசைகளில், 60 பாகை இடைவெளியில் ஓடுகின்றன. பறக்கும்போது விசிறியின் இலை ஒன்று முறிந்தால் அது வெளியே பாய்ந்து விமானத்தைத் தாக்காமல் தடுப்பதே அந்த உறையின் கடமை. அமெரிக்காவின் நாசா கிளென் ஆராய்ச்சி மையத்தில் இத்தகைய பின்னல்களின்மீது வாயுத் துப்பாக்கியால் குண்டுகளை எய்து சோதித்தார்கள். பயணிகளின் உயிர் அந்தப் பின்னலை நம்பியிருக்கிறது.

நம் நாட்டிலிருந்து ஒரு செய்தி. பின்னல் முறையைப் பற்றியதன்று. ஆனாலும் எடை குறைந்த பொருளின் அருமையைக் காட்டுவது. 1989-இல் முதன்முதலாக ஏவப்பட்ட அக்னி ஏவுகணைக்காக ஹைதராபாதில் எடை குறைந்த பொருள் ஒன்றை உருவாக்கியிருந்தார்கள். நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, டாக்டர் அப்துல் கலாம் அவர்களைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே சிறு பிள்ளைகள் மூன்று கிலோவுக்கும் அதிகமான உலோகத் தாங்கிகளைக் காலில் கட்டி இழுத்துக்கொண்டு நடந்தார்கள். சில வாரங்களில் சுமார் 300 கிராம் எடையில் தாங்கிகள் செய்யப்பட்டன. பிள்ளைகள் ஓடியாடினார்கள், பெற்றோர் கண்ணீர் விட்டனர். கலாம் அவர்களே இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

இதற்கும் சீரின்மைக்கும் என்ன தொடர்பு? ஒரு பொருளில் எங்கே குறை இருக்கிறது என்று தெரியாத பொறியாளர் என்ன செய்வார்? பயந்து, தேவைக்கு மேல் தடிப்பாகச் செய்வார். தடிப்புக் கூடினால் எடை கூடும். விமானமாயின் எரிபொருள் வீணாகும். பிள்ளையின் கால் தாங்கியாயின் அந்த மிகை எடையைச் சுமப்பது பொறியாளர் அல்லர், அந்தப் பிள்ளை. குறையைச் சரியாக அளந்தவரோ, எவ்வளவு தடிப்பு வேண்டுமோ அவ்வளவே வைப்பார். பொருள் இலேசாகவும் இருக்கும், உடையாமலும் இருக்கும். சீரின்மையை அளப்பதன் பயன் இதுவே.

நாமும் செய்து பார்க்கலாம்

கடையில் பத்து மீட்டர் சணல் கயிறு வாங்கி, 50 செ.மீ. நீளமுள்ள 20 துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் பள்ளி ஆய்வகத் தராசில் நிறுத்து, சராசரி, திட்டவிலக்கம், மாறுபாட்டுக் கெழு ஆகியவற்றைக் காணுங்கள். பின்னர் மூன்று துண்டுகளை எடுத்துப் பின்னி, பத்து இடங்களில் பாகைமானியால் கோணத்தை அளந்து அதற்கும் அதே கணக்கைச் செய்யுங்கள். தோழி பின்னியதையும் அளந்து ஒப்பிட்டால் யார் பின்னல் சீரானது என்ற வழக்கு எண்களாலேயே தீர்ந்துவிடும்.

முடிவுரை

அப்துல் கலாம் அவர்கள் படகுத்துறை ஊரான இராமேசுவரத்தில் பிறந்தவர். தறிகள் நிறைந்த மாவட்டத்தில் பிறந்த நாமும் இழையின் அறிவியலில் பின்தங்கியிருக்க வேண்டியதில்லை. நூலின் இறுக்கத்தை விரலாலே அறியும் நெசவாளர்கள் வாழும் ஊர்களிலிருந்து, அதை எண்ணாலும் அறியும் பெண் பொறியாளர்கள் வரவேண்டும். அதற்கு வேண்டிய திட்டவிலக்கமும் முக்கோணவியலும் நிகழ்தகவும் நம் பாடநூலிலேயே இருக்கின்றன. தேர்வு முடிந்ததும் அவற்றை மறந்துவிடாதிருப்போம், தோழியரே!